தேநீருக்கு முந்தைய படைப்புக் கணம்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் வேதியியலும் ஓவியமும் ஒரே அறையில் ஒற்றுமையாக வேலை செய்துகொண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் இயக்குநர். அன்றோடு அந்த ஒற்றுமைக்குக் கெட்ட காலம் பிறந்தது.

கண்டுபிடித்தார் என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். வெளியூரிலிருந்து வந்த பெரிய விருந்தினர் ஒருவருக்கு நிறுவனத்தைச் சுற்றிக்காட்டிக்கொண்டு வந்தவர், விருந்தினர் கழிப்பறை எங்கே என்று கேட்டதும், கைக்கு எட்டிய கதவைத் திறந்துவிட்டார். அது ஆய்வகத்தின் கதவு. இத்தனை வருஷம் இயக்குநராக இருப்பவருக்கு ஆய்வகம் எது, கழிப்பறை எது என்று தெரியாதா என்று கேட்கக் கூடாது. அவருடைய அறைக்குள்ளேயே கழிப்பறை உண்டு. ஆய்வகம்தான் கிடையாது.

உள்ளே பொடிக்காரரும் அவருடைய அண்ணியும் ஓர் ஓட்டுத்துண்டின் மேல் தலைகள் முட்டிக்கொள்ளும்படி குனிந்திருந்தார்கள்.

பொடிக்காரர் என்றால் மூக்குப்பொடி ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். வேதியியலில் முனைவர். ஆலைப் புகையில் இருக்கும் நச்சுவாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிற கறுப்புப் பொடி ஒன்றைச் செய்வதற்காக, செம்பு உப்பையும் வெள்ளை மணலையும் அரைத்து, கிண்ணத்தில் இட்டு, உலையில் சுட்டு, வெளியே எடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி ஓரமாக வைப்பது அவருடைய வேலை. அப்படி ஓரமாக வைத்தவையே ஒரு நீளத் தட்டு நிறைய இருந்தன. தட்டின் நெற்றியில் ‘தோல்வி’ என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். நேர்மையான மனிதர். அதனால்தான் பதவி உயர்வு வரவில்லை.

அண்ணி ஓவியர். சுவரில் ஈரச் சுண்ணாம்புக் காரை பூசி, அது காய்வதற்குள் அதன்மேல் வர்ணம் ஏற்றுகிறவர். காரை காய்ந்ததும் வர்ணமும் சுவரும் ஒன்றாகிவிடும். பிறகு வெயிலோ மழையோ ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சுண்ணாம்பு பொல்லாதது. கடையில் கிடைக்கிற வர்ணங்களில் பாதியைத் தின்று ஏப்பம் விட்டுவிடும். எனவே அண்ணி ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஒரு டப்பா சுண்ணாம்போடு ஆய்வகத்துக்கு வந்து, தோல்வித் தட்டில் விரலைவிட்டுக் கிளறுவார். “இதைத் தூக்கிப் போடப் போறீங்களா தம்பி?” என்பார். அவர் போகும்போது மேசை, கதவின் கைப்பிடி, தராசு எல்லாவற்றிலும் வெள்ளை விரல்கள் பதிந்திருக்கும். பொடிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே துடைப்பார். அண்ணியிடம் அதை எப்படிச் சொல்வது?

அப்படிக் கிளறிய ஒருநாள் அந்த நீலம் அகப்பட்டது. கறுப்பாக வந்திருக்க வேண்டிய பொடி, எந்தக் காரணமும் சொல்லாமல் நீலமாக வந்திருந்தது. அடியில் லேசாகப் பச்சை. அண்ணி அதை ஈரச் சுண்ணாம்பின் மேல் தேய்த்துவிட்டுக் காத்திருந்தார். சுண்ணாம்பு அதைத் தின்னவில்லை. காயக் காய இன்னும் தெளிந்தது.

“தம்பி! தண்ணி!” என்றார் அண்ணி.

பொடிக்காரர் ஒரு கோப்பையில் பிடித்து நீட்டினார்.

“குடிக்க இல்ல. இதுதான் தண்ணி. உங்க அண்ணன் கேட்ட தண்ணி.”

பொடிக்காரருடைய அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒன்றுவிட்டு ஒருநாள் மருத்துவமனைக்குப் போய், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு பாதிப் பகலைக் கழிக்க வேண்டும். கையில் ஊசி, எழுந்திருக்க முடியாது. நாற்காலிக்கு எதிரே ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மருத்துவமனையின் இன்னொரு கட்டடத்து மொட்டைச் சுவர். தாகம் எடுத்தால் உதட்டை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதற்குமேல் குடித்தால் உடம்பு வீங்கிவிடும். ஒருநாள் அந்தச் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தவர் மனைவியிடம் சொன்னார்: “குடிக்கத்தானே கூடாதுன்னாங்க. பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே. அந்தச் சுவத்துல ஒரு ஏரி போட்டுக் குடேன்.”

அண்ணி மருத்துவமனையில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினார். அந்தச் சுவரை ஏசி இயந்திரங்களை மாட்டுவதற்காக ஒதுக்கி வைத்திருந்த கட்டடப் பொறியாளர், “மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன்மா. அதுக்குள்ள முடிக்கலேன்னா என் பெட்டிங்களை மாட்டிடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது” என்று சொல்லியிருந்தார். தோல்வித் தட்டிலிருந்து எடுத்த நீலத்தில் ஏரியின் அக்கரைப் பாதி முடிந்தது. இக்கரைப் பாதிக்கு நீலம் போதவில்லை. இன்னொரு முறை சுட்டு எடுத்தால் ஆயிற்று என்று இருவரும் சாவகாசமாக நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இயக்குநர் கதவைத் திறந்தார்.

“இது என்ன?” என்றார் விருந்தினர்.

இயக்குநருக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்வது இயக்குநர்களின் வழக்கமில்லை. “இதுதான் எங்களோட கூட்டுப் படைப்பாக்கத் திட்டம். வேதியியலாளரும் கலைஞரும் ஒரே தளத்துல” என்றார்.

விருந்தினர் அண்ணியின் வெள்ளைக் கைகளைப் பார்த்தார்; பொடிக்காரரின் நீல மூக்கைப் பார்த்தார். வந்த வேலையை மறந்து அப்படியே நின்றார். “பிரமாதம்! மாசக் கடைசியில மறுபடி இந்தப் பக்கம் வர்றேன். முழுசா பாக்கணும்” என்றார்.

சொல்லியாகிவிட்டது. இனி அது இருந்தாக வேண்டும்.

கூட்டுப் படைப்பாக்க உயர் மையம் மறுநாளே பிறந்தது. அதை நடத்த ஒரு குழு அமைக்கப்பட்டது. பக்கச்சார்பு வந்துவிடக் கூடாது என்பதால் அதில் வேதியியலாளரோ ஓவியரோ சேர்க்கப்படவில்லை. மரச்சாமான் வாங்குவதில் அனுபவம் வாய்ந்த ஓர் அம்மையார் ஒருங்கிணைப்பாளர் ஆனார். பொடிக்காரரின் கழுத்தில் ‘அறிவியல் தரப்பு’ என்று ஓர் அட்டை தொங்கியது. அண்ணியின் கழுத்தில் ‘கலைத் தரப்பு’.

அந்த வாரம் முழுக்க ஆய்வகத்துக்குள் யாரையும் விடவில்லை. திறந்துவிட்டபோது பொடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறையின் நடுவே தரையிலிருந்து கூரை வரை ஒரு கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் ஆய்வகம். அந்தப் பக்கம் ஓவியக்கூடம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டுமானால் வெளியே வந்து, மாடியிறங்கி, தோட்டத்தைச் சுற்றி, வேறொரு படிக்கட்டில் ஏறி, வேறொரு காவலரிடம் அட்டையைக் காட்ட வேண்டும். காட்டினாலும் பயனில்லை. கலை அட்டைக்கு அறிவியல் கதவு திறக்காது. அறிவியல் அட்டைக்குக் கலைக் கதவு திறக்காது.

“இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட படைப்பாக்கத்தை ஒருத்தர் தெளிவா பாக்கலாம்” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“முன்னாடியும் பாத்துக்கிட்டுத்தானேம்மா இருந்தோம்?”

“அது சும்மா பக்கத்துல நின்னு பாத்தது சார். இது கட்டமைக்கப்பட்ட பார்வை.”

அலமாரிகளில் இருந்த மருந்துப் புட்டிகளையெல்லாம் காணோம். அவை பார்வைக்கு லட்சணமாக இல்லை என்று நிலவறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பதிலுக்குச் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயத் தண்ணீர் நிரப்பிய குடுவைகள் வரிசையாக நின்றன. விருந்தினர்கள் வேதியியல் என்றால் இதைத்தான் எதிர்பார்ப்பார்களாம். பொடிக்காரர் ஏற்கெனவே கலந்து வைத்திருந்த செம்புக் கலவை ஒரு ஜாடி மட்டும், மேசைக்கு அடியில் கிடந்ததால் தப்பித்திருந்தது.

“என் தட்டு எங்கம்மா? தோல்வித் தட்டு?”

“பெரியவங்க வர்ற இடத்துல தோல்வின்னு எழுதி வெச்சிருந்தா என்ன நினைப்பாங்க சார்? அப்புறப்படுத்திட்டோம். அதுக்குப் பதிலா பாருங்க, வெற்றின்னு ஒரு தட்டு வெச்சிருக்கோம்.”

“அதுல என்ன இருக்கு?”

“இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் போடணும்.”

சுவரில் ஏறிவிட்டது போக, இனி அந்த நீலத்துக்கு அடையாளமாக மிச்சமிருந்தது அண்ணியின் ஓட்டுத்துண்டு ஒன்றுதான். அதை எக்ஸ்ரே கருவிக்குள் வைத்துப் பார்த்தால் உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். பொடிக்காரர் கேட்டார். ஓட்டுத்துண்டில் கலைத் தரப்பின் கை பட்டிருப்பதால் அது கலைப்பொருளாக வகைப்படுத்தப்பட்டுவிட்டது என்றும், கலைப்பொருளை அறிவியல் கருவிக்குள் வைக்க விதியில் இடமில்லை என்றும் பதில் வந்தது. ஓட்டுத்துண்டு ஒரு கண்ணாடிப் பேழைக்குள் போயிற்று. மேலே மஞ்சள் விளக்கு போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் நீலம் பச்சையாகத் தெரிந்தது. யாரும் கவலைப்படவில்லை.

சரி, பழையபடி சுட்டுப் பார்ப்போம் என்று பொடிக்காரர் உலையைப் பற்றவைத்தார். அப்போதுதான் படைப்பூக்கப் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். தொளதொள சட்டை, காலில் செருப்பில்லை. கண்ணை மூடிக்கொண்டே பேசினார். பொடிக்காரரையும் அண்ணியையும் இருக்கைகள் இல்லாத ஒரு கூடத்தில் நிறுத்தினார்.

“நீங்க இப்ப மனுஷங்க இல்ல. மூலக்கூறுங்க. சார், நீங்க செம்பு. மேடம், நீங்க ஆக்சிஜன். மெதுவா ஒருத்தரை நோக்கி ஒருத்தர் மிதந்து வாங்க. ஈர்ப்பை உணருங்க. கையைப் பிடிச்சுக்கோங்க.”

அண்ணி இடத்தைவிட்டு அசையவில்லை. “அவருக்கு நான் அண்ணிங்க” என்றார். “ஆக்சிஜன் எல்லாம் வேற யாரையாவது பாத்துக்கோங்க.”

“எதிர்ப்பும் ஒரு வினைதான்” என்று சொல்லிப் பயிற்சியாளர் மகிழ்ந்தார். அன்று மாலைவரை மிதந்தார்கள். உலையில் சுட்டுக்கொண்டிருந்தது என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்கக்கூட விடவில்லை. வெளியேறத் துடிக்கும் மூலக்கூறு நிலைத்தன்மையற்றது என்றார்.

மறுநாள் காலையில் பொடிக்காரர் கிண்ணத்தைத் திறந்தார். உள்ளே இருந்தது கறுப்பு. சாதாரணக் கறுப்பு இல்லை. இத்தனை வருஷம் அவர் தவம் கிடந்த கறுப்பு. மிருதுவாக, மை போல, ஒரு புள்ளி குறை சொல்ல முடியாமல் வந்திருந்தது. பார்த்ததும் மனிதருக்கு அழுகை வந்துவிட்டது.

“ஐயோ” என்றார்.

“சார், வந்துடுச்சா? வெற்றியா?” என்று ஓடிவந்த ஒருங்கிணைப்பாளர், அதை அள்ளி வெற்றித் தட்டில் வைத்தார். பொடிக்காரர் மறுபடி சுட்டார். மறுபடியும் கறுப்பு. சூட்டைக் கூட்டினார், குறைத்தார், அரைக்கும் நேரத்தை மாற்றினார். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. வெற்றித் தட்டு நிரம்பி வழிந்தது. இயக்குநர் நேரில் வந்து கைகுலுக்கினார். பொடிக்காரர் சாவுவீட்டில் நிற்பவர்போல நின்றார். வேண்டாத காலத்தில் கிடைக்கிற வெற்றியைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

அடுத்த முறை அண்ணனைப் பார்க்கப் போனபோது அவர் நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரின் மேல்பாதியில் தண்ணீர் பளபளவென்று விரிந்திருந்தது. கீழ்ப்பாதியில் வெறும் காரை. ஏரி அந்தரத்தில் தொங்கியது.

“என்னடா, மையம்லாம் பெரிசா நடக்குதாமே?”

“நடக்குதுண்ணே.”

“உன் முகத்தைப் பாத்தா எனக்கு ஊசி குத்துன மாதிரி இருக்கு. கலர் வரலியா?”

“கறுப்பாவே வருது.”

அண்ணன் சிரித்தார். காய்ந்த உதட்டில் சிரிப்பு வலித்திருக்க வேண்டும். “அக்கரையில தண்ணி இருக்கு. இக்கரையில நான் இருக்கேன். நடுவுல பாலைவனம். பரவால்ல, அந்தப் பொறியாளர் பெட்டி மாட்டுனா காத்தாவது வரும்.”

அண்ணன் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

மையத்திலோ வேறு ஏற்பாடுகள் சூடுபிடித்திருந்தன. விருந்தினர் வரும் நாளில், பூங்கொத்துக்குப் பிறகும் தேநீருக்கு முன்பும், ‘படைப்புக் கணம்’ என்று ஒரு நிகழ்ச்சி சேர்க்கப்பட்டிருந்தது. அந்தக் கணத்தில் வேதியியலாளர் உலையைத் திறக்க வேண்டும்; உள்ளே நீலம் இருக்க வேண்டும்; அவர் ‘ஆஹா’ என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் ஓவியர் அதைப் பார்த்து நெஞ்சில் கைவைக்க வேண்டும்.

“நீலமே வரலியேம்மா” என்றார் பொடிக்காரர்.

“அதுக்கென்ன சார், துணிக்குப் போடற நீலம் வாங்கியாச்சு.”

“உலை ராத்திரி முழுக்க எரியணும். அப்புறம் ஆறணும். நினைச்ச நேரத்துக்குத் திறக்க முடியாது.”

“அதுவும் யோசிச்சாச்சு. உங்க உலை பாக்க நல்லா இல்ல. துருப்பிடிச்சு, பெட்டி மாதிரி இருக்கு. அதைத் திரைக்குப் பின்னாடி தள்ளிடறோம். மேடையில அட்டையில ஒண்ணு செஞ்சு உள்ள சிவப்பு பல்பு வெச்சிருக்கோம். உங்களோட ‘ஆஹா’தான் சரியில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க.”

“ஆஹா.”

“பல் வலிக்கிற மாதிரி சொல்றீங்க.”

ஒத்திகை முடிந்ததும் பொடிக்காரர் கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் போட்டு, எரிச்சல் தீரும்வரை தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி சும்மா உட்கார்ந்திருந்தார். கட்டமைக்கப்பட்ட பார்வையால் கொழுந்தனாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து கண்ணாடியைத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கைப்பேசியில் அழைத்தார்.

“தம்பி, அந்தக் கிண்ணத்தை எதுக்கு இப்படிப் போட்டுத் தேய்க்கறீங்க?”

“சுத்தமா இருக்கணும் அண்ணி. ஒரு துளி அழுக்குகூட இருக்கக் கூடாது.”

“முன்னாடி இப்படித் தேய்க்க மாட்டீங்களே?”

“முன்னாடி நான் கழுவறதுக்குள்ள நீங்க கழுவி வெச்சிருப்பீங்க.”

அண்ணியின் குரல் கொஞ்சம் தாழ்ந்து வந்தது. “நான் எங்க தம்பி கழுவினேன்? அதுல மூடி நல்லா இறுக்கமா இருந்துச்சா... என் சுண்ணாம்பைக் காயாம அதுலதான் போட்டு வெப்பேன். போறப்ப வழிச்சு எடுத்துக்கிட்டுப் போவேன்.”

பொடிக்காரரின் கையிலிருந்து கிண்ணம் நழுவித் தொட்டியில் விழுந்தது.

“வழிச்சு எடுத்தா, ஓரத்துல ஒட்டியிருக்கிறது?”

“அது ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். ஏன், சொல்லலியா நான்?”

“நீங்க சொல்லலியே!”

“நீங்க கேக்கலியே!”

இருவரும் கண்ணாடியின் இரு பக்கமும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு பொடிக்காரர் சிரிக்கத் தொடங்கினார். செம்பு, மணல், சுண்ணாம்பு. இந்த மூன்றும் சேர்ந்து வெந்தால் நீலம் வரும். அவர் சுத்தமாக இருந்தவரை வராது. அண்ணி அழுக்காக்க வேண்டும், அவர் கவனிக்காமல் இருக்க வேண்டும், அப்போதுதான் வரும். அந்த ஒன்றையும் உயர் மையம் கண்ணாடி போட்டுத் தடுத்துவிட்டது.

சுண்ணாம்பு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பாவில் இருந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை. பொடிக்காரர் ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினார்.

“ஒரு கைப்பிடி சுண்ணாம்பு வேணும்மா. அண்ணி தந்துடுவாங்க. கதவை மட்டும் திறந்துவிடுங்க.”

“கலைத் தரப்புலேருந்து அறிவியல் தரப்புக்குப் பொருளா?” ஒருங்கிணைப்பாளர் முகம் வெளிறியது. “அதுக்குப் பொருள் பரிமாற்றக் குழு இருக்கு சார்.”

“எப்ப கூடும்?”

“விழா முடிஞ்சதும். குழுவை விழாவுலதான் அறிவிக்கப் போறாங்க.”

“நிலவறையைத் திறந்தா என்கிட்டேயே ஒரு புட்டி இருக்கு.”

“சாவி இயக்குநர்கிட்ட. இயக்குநர் பேச்சு எழுதிக்கிட்டிருக்கார். தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு உத்தரவு.”

அறிவியலில் வாழ்நாளெல்லாம் நேர்வழியில் நடந்த மனிதர், அன்று மதியம் கடத்தல்காரர் ஆனார். மருத்துவமனைச் சுவருக்கு அடியில் இருந்த அண்ணியின் வாளியிலிருந்து சுண்ணாம்பைத் தன் சாப்பாட்டு டப்பாவில் அள்ளிக்கொண்டு திரும்பினார். வாசலில் காவலர் டப்பாவைத் திறக்கச் சொன்னார்.

“என்ன சார் இது?”

“தயிரு.”

காவலர் எட்டிப் பார்த்தார். “நல்ல கெட்டியா இருக்கே. எங்க வாங்கறீங்க?”

பொடிக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. “வீட்டுல அண்ணி போடறது” என்றார். அதில் பாதி உண்மை.

அன்று பிற்பகலிலேயே கலவையைச் சுண்ணாம்போடு அரைத்து, கிண்ணத்தில் அடைத்து, திரைக்குப் பின்னால் தள்ளப்பட்டிருந்த துருப்பிடித்த உலைக்குள் வைத்தார். விடிந்தால் விழா. அதற்கு மறுநாள் மாசக் கடைசி. இது தவறினால் இன்னொரு முறை சுட நேரமில்லை.

விழாவில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பூங்கொத்துகள் கைமாறின. இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“படைப்பு எங்க பிறக்குது?” என்று கேட்டு, எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். “அனுமதியில பிறக்குது. நாங்க அனுமதிச்சோம், பிறந்துச்சு. இந்த மையம் வர்றதுக்கு முன்னாடியும் இங்க ஏதோ நடந்துக்கிட்டிருந்ததா சொல்றாங்க. இருக்கலாம். ஆனா அதுக்குப் பேர் இல்ல, இலச்சினை இல்ல, ஒருங்கிணைப்பாளர் இல்ல. அதை எப்படி நாம படைப்புன்னு ஏத்துக்க முடியும்? சில பேர் என்கிட்ட கேக்கறாங்க, வேதியியலுக்கும் ஓவியத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு. நான் மறைக்க விரும்பல. ரெண்டுமே எனக்குத் தெரியாது. அதனாலதான் ரெண்டையும் என்னால சமமா மதிக்க முடியுது.”

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

“அடுத்து, படைப்புக் கணம்!” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

மேடையில் அட்டை உலை செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. வேதியியலாளரைக் காணவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பார்த்தால் ஓவியரையும் காணவில்லை. ஒருங்கிணைப்பாளர் ஒரு விநாடிதான் திகைத்தார். பிறகு பயிற்சியாளரைப் பிடித்து முன்னால் தள்ளினார். பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டு அட்டை உலையைத் திறந்தார், துணிக்குப் போடும் நீலத்தை வெளியே எடுத்தார், ‘ஆஹா’ என்றார். பிரமாதமாகச் சொன்னார். நிஜமான வேதியியலாளர் யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அண்ணிக்குப் பதிலாக ஒருங்கிணைப்பாளரே நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

அதே நேரத்தில் திரைக்குப் பின்னால் பொடிக்காரர் இடுக்கியோடு நின்றார். எல்லாக் காவலர்களும் மேடையைப் பார்க்கப் போய்விட்டதால் இரண்டு கதவுகளும் திறந்து கிடந்தன. அண்ணி மாடியிறங்கி, தோட்டத்தைச் சுற்றி, மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார்.

“திறங்க தம்பி.”

“பயமா இருக்கு அண்ணி. நீங்க திறங்க.”

“சுடுமே.”

“ஆறிடுச்சு. நீங்களே திறங்க.”

அண்ணி மூடியைத் தூக்கினார். கிண்ணம் நிறைய நீலம். அடியில் லேசாகப் பச்சை. அண்ணி விரலால் தொட்டு நெற்றிக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே அரங்கமே அதிரும்படி கைதட்டினார்கள். தங்களுக்குத்தானோ என்று பொடிக்காரர் ஒரு கணம் ஏமாந்துபோனார். பிறகு சாப்பாட்டு டப்பாவில் நீலத்தை வழித்துப் போட்டுக்கொண்டு இருவரும் பின்வாசல் வழியாக ஓடினார்கள். தேநீர் பரிமாறும்போதுகூட அவர்களை யாரும் தேடவில்லை.

அன்றைக்கே காரை பூசினார்கள். மறுநாளும் பூசினார்கள். பொடிக்காரர் சாரத்தின் அடியில் நின்று நீலம் குழைத்துக் கொடுத்தார். கைகொள்ளாமல் சட்டையிலெல்லாம் சிந்திக்கொண்டார். பொறியாளர் தள்ளுவண்டியில் ஏசி பெட்டிகளோடு வந்து இறங்கியபோது, ஏரியின் இக்கரையில் ஒரு முழம்தான் மிச்சமிருந்தது.

“இன்னும் முடியலியா?” என்றார்.

“இதோ முடிஞ்சிடும்” என்றார் அண்ணி, திரும்பிப் பார்க்காமல்.

பொறியாளர் கால்சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஆட்களைப் பார்த்து, “எல்லாத்தையும் மொட்டைமாடிக்கு ஏத்துங்கடா. இங்க மாட்டுனா சத்தம் கேக்குதுன்னு நோயாளிங்க உசிரை எடுப்பாங்க” என்று எரிந்து விழுந்தார்.

பொடிக்காரருக்கு மையத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, அறிவியல் தரப்புக்குள் சுண்ணாம்பைக் கடத்தியதற்கு விளக்கம் கேட்டது. மற்றது, உயர் மையத்தின் முதல் சாதனையான மருத்துவமனை நீலத்துக்குத் துணைநின்றதற்காக அவரைப் பாராட்டியது. இரண்டிலும் இயக்குநரின் கையெழுத்து ஒரே அழகில் இருந்தது.

சாதனை என்று ஒன்று கிடைத்துவிட்டால் அதை நேரில் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? அடுத்த வாரமே இயக்குநர், விருந்தினர், ஒருங்கிணைப்பாளர், புகைப்படக்காரர் எல்லோரும் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். நாற்காலிகளில் வரிசையாக நோயாளிகள் சாய்ந்திருந்தார்கள். இயந்திரங்கள் மெல்ல உறுமிக்கொண்டிருந்தன. பொடிக்காரரும் அண்ணியும் கதவோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

இயக்குநர் நேராகப் போய் ஜன்னலுக்கு முன்னால் நின்றார். ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “அன்பார்ந்த பயனாளிகளே” என்று ஆரம்பித்தார். “நீங்க இப்ப அனுபவிச்சுக்கிட்டிருக்கிறது சாதாரண ஓவியம் இல்ல. இது ஒரு நிறுவனத்தோட தொலைநோக்கு...”

பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. புகைப்படக்காரர் படம் எடுத்தார். அண்ணன் ஊசி இல்லாத கையை மெதுவாக உயர்த்தினார்.

“பேசுங்க, பேசுங்க!” என்று இயக்குநர் உற்சாகமானார். “பயனாளியோட குரலை நாங்க எப்பவும் மதிக்கிறவங்க. உங்க மனசுல பட்டதை அப்படியே சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல சார்” என்றார் அண்ணன். “கொஞ்சம் நகந்து நில்லுங்க. தண்ணி மறைக்குது.”

இயக்குநர் இடப்பக்கம் நகர்ந்தார். “சார், எனக்கு மறைக்குது” என்றார் அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர். வலப்பக்கம் நகர்ந்தார். அங்கிருந்தும் ஒரு பெண் குரல் அதையே சொன்னது. குனிந்து பார்த்தார், ஒருக்களித்து நின்று பார்த்தார். எப்படி நின்றாலும் யாராவது ஒருவருக்கு மறைத்தது. கடைசியில் எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனார்.